ஐந்தாம் ஸ்தலத்துக் கண்டக்டர்

திருச்சி ஜங்ஷனிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் ரத்தினவேல் பஸ் சர்வீஸின் பச்சை வண்டியில் செல்ஃப் ஸ்டார்ட்டர் என்று ஒன்று இருந்ததாகச் சொல்வார்கள். அதை யாரும் தொட்டதில்லை. கண்டக்டர் சவரிராயன் பின்படியில் நின்று "ரைட்!" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், இஞ்சின் தானே பயந்துபோய் எடுத்துக்கொள்ளும். டிரைவர் ரசூல் அந்த நேரத்தில் வேறு வேலை இல்லாததால் தாடியைத் தடவிக்கொள்வார்.

குரல் அப்படிப்பட்டது. பாலக்கரை தாண்டும்போது அவர் "காந்தி மார்க்கெட் எறங்குறவங்க!" என்று கூவினால், காந்தி மார்க்கெட்டில் ஏற வேண்டியவர்கள் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு ஓடி வருவார்கள். மெயின்கார்டு கேட்டில் கூவினால் மலைக்கோட்டை மேல் இருக்கும் புறாக்கள் எழும்பி ஒரு சுற்று சுற்றி உட்காரும். வண்டி போகும்போது ஒரு சுற்று, திரும்பும்போது ஒரு சுற்று. நல்ல தேகப்பயிற்சி. அந்தக் காலத்து மலைக்கோட்டைப் புறாக்கள் மற்ற ஊர்ப் புறாக்களைவிட அதிக நாள் உயிரோடு இருந்ததற்கு இதுதான் காரணம்.

இந்தக் குரலுக்கு இன்னொரு உத்தியோகமும் இருந்தது. சவரிராயன் வீடு பாலக்கரையில், மாதா கோயிலுக்குப் பின்தெருவில். சாயங்கால ஜெபமாலை முடிந்ததும் மாதா பிரார்த்தனையை நடத்துவது அவர் பொறுப்பு. அவர் முன்னால் மண்டியிட்டு மாதாவின் புகழ்ப்பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லுவார். கோயில் நிறைந்த ஜனம் ஒவ்வொன்றுக்கும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொல்லும். இருபது வருஷமாக இப்படித்தான். ஒருநாள், காலையிலிருந்து வண்டியில் நின்ற களைப்பில், "பரலோகத்தின் வாசலே" என்று சொல்லி முடித்த வாய் தானாகவே அடுத்ததைச் சொல்லிவிட்டது: "மெயின்கார்டு கேட்!"

ஜனம் ஒரு பிசிறு தட்டாமல் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றது.

பங்குச் சாமியார் மட்டும் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். பிறகு அதையும் மூடிக்கொண்டார். அந்த வருஷம் முழுக்க மெயின்கார்டு கேட்டில் ஒரு விபத்துகூட நடக்கவில்லை.

சவரிராயனுக்கு இதிலெல்லாம் பெருமை உண்டு. காக்கிச் சட்டைக்கும் தோல்பைக்கும் மேலே, தொண்டையில்தான் அவர் தன்னை வைத்திருந்தார். விசில் ஊதுகிற கண்டக்டர்களைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்பு வரும். அது போலீஸ்காரன் சாமான் என்பார்.

ஐம்பத்தாறாம் வருஷம் ஆடிப் பதினெட்டு. காவேரி கரை தொட்டுப் போகிறது. படித்துறையெல்லாம் பெண்கள், குழந்தைகள், முளைப்பாலிகை, சித்ரான்னம். பாலத்தின் மேல் பச்சை வண்டி நத்தை மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது. அப்போது கீழே யாரோ ஒரு அதிர்வேட்டுப் போட, அவிழ்க்காமல் நிறுத்தியிருந்த ஒரு ஜோடி மாடு மிரண்டு, வண்டியோடு படித்துறைக் கூட்டத்தைப் பார்த்து ஓட ஆரம்பித்தது. வண்டியில் ஓட்டுகிறவன் இல்லை.

சவரிராயன் பாலத்திலிருந்து கத்தினார்: "ஹோல்டான்!"

மாடுகள் நின்றன. அதில் ஆச்சரியமில்லை, அந்தக் காலத்து மாடுகளுக்கு அவ்வளவு இங்கிலீஷ் தெரியும். ஆனால் பாலத்தில் பின்னால் வந்த ஜட்காக்கள் நின்றன. பக்கத்து ரயில் பாலத்தில் போய்க்கொண்டிருந்த கூட்ஸ் வண்டி நின்றது. காவேரியே ஒரு நிமிஷம் நின்றது என்று இலைக்கார வேலம்மாள் இன்றைக்கும் சொல்லுவாள். அது மிகை. அரை நிமிஷம்தான் இருக்கும்.

ஒரு குழந்தைக்குக்கூடக் கீறல் இல்லை. ஜனங்கள் கீழேயிருந்து கையெடுத்துக் கும்பிட்டார்கள். சவரிராயன் பதிலுக்குக் கையை ஆட்டிவிட்டு, வண்டியை எடுக்கச் சொல்லி "ரைட்" என்றார்.

வாய் திறந்தது. காற்றுதான் வந்தது.

ரசூல் தாடியைத் தடவிக்கொண்டே காத்திருந்தார். நெடுநேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தவர், சவரிராயன் தொண்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பதைக் கண்டார். அன்றைக்குத்தான் அவர் முதல்முறையாக செல்ஃப் ஸ்டார்ட்டரைத் தேடினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். "ஒரு மாசம் வாயே தெறக்கக் கூடாது. வரலாம், வராமலும் போகலாம்" என்றார்.

ஆனால் வண்டி ஓடியாக வேண்டுமே. சவரிராயன் கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டார். கழுத்தில் பாம்பை மாட்டிக்கொண்டவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவர் முகம். விசிலால் வண்டியை நிறுத்தலாம், கிளப்பலாம். இது எந்த ஸ்டாப் என்று விசிலுக்குச் சொல்லத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு குரலை நம்பியே இறங்கிப் பழகின ஊர் அது. ஜனங்கள் திண்டாடிப் போனார்கள். மாம்பழச்சாலையில் இறங்க வேண்டிய ஒரு கல்யாணக் கோஷ்டி ஸ்ரீரங்கத்தில் போய் இறங்கி, அங்கே நடந்துகொண்டிருந்த வேறொரு கல்யாணத்தில் உட்கார்ந்து சாப்பிட்டே விட்டது. சாப்பாடு இங்கேதான் மேல் என்று மாப்பிள்ளையின் மாமா சொன்னதாகக் கேள்வி.

உதவி செய்ய ஆள் இல்லாமல் இல்லை. வேலம்மாள் காந்தி மார்க்கெட்டில் வாழை இலைக் கட்டோடு ஏறி தினமும் ஸ்ரீரங்கம் போகிறவள். மூன்றாம் நாளே அவள், "மெயின்கார்டு கேட்டு வந்திருச்சு, எறங்குறவங்க எறங்குங்க!" என்று தானாகக் கூவினாள். சவரிராயன் திரும்பி அவளைப் பார்த்த பார்வையில், அவள் அவருடைய தோல்பையை அறுத்துக்கொண்டு ஓடியது போல் இருந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு வண்டியில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

முதலாளி ரத்தினவேல் சத்திரத்துப் பக்கம் ஷெட்டும் ஆபீசும் வைத்திருந்தவர். கெட்டவர் இல்லை. ஆனால் புகார்கள் வந்து குவிந்தபோது அவர் சவரிராயனைக் கூப்பிட்டு, பார்வையை மின்விசிறியில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"சவரி, உன்ன எனக்குத் தெரியாதா? ஆனா ஜனங்க ஸ்டாப்பு தவறிப் போறாங்கப்பா. வர்ற சனிக்கிழமை காலைல நானே ஜங்ஷன்ல ஏறி வர்றேன். சத்திரத்துல எறங்கிக்குவேன். ஒரு பாசெஞ்சர், ஒரே ஒரு பாசெஞ்சர் எறங்க வேண்டிய எடத்துல எறங்காமப் போனாலும், பையைக் கழட்டிக் குடுத்துடணும். சரியா?"

சவரிராயன் தலையை ஆட்டினார். வேறு எதை ஆட்டுவது?

வீட்டுக்கு வந்தால் திண்டுக்கல்லிலிருந்து மச்சான் அமிர்தராஜ் வந்து உட்கார்ந்திருந்தார். சவரிராயனின் மனைவி சகாயம்மாளுக்குக் கூடப்பிறந்த அண்ணன். ஸ்கூல் வாத்தியார். ஆறுதல் சொல்லத்தான் வந்திருந்தார், அவருக்குத் தெரிந்த விதத்தில்.

"மாப்ளே, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. நாள் முழுக்க 'ஸ்ரீரங்கம் ஸ்ரீரங்கம்'னு பெருமாள் கோயில் பேரைக் கூவின வாயி. அதே வாயோட சாயங்காலம் வந்து மாதா முன்னாடி முட்டிபோட்டா, அவளும் எத்தனை காலத்துக்குப் பொறுத்துக்குவா? அவளே குடுத்தா, அவளே எடுத்துக்கிட்டா. எல்லாம் ஒரு கணக்குத்தான்."

சவரிராயன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். காற்று வந்தது. மச்சான் அதை ஒப்புதலாக எடுத்துக்கொண்டார்.

"திண்டுக்கல்லுக்கு வந்துடுங்க. என் வீட்டு மாடி சும்மாத்தான் கெடக்கு. பூட்டுக் கடை ஒண்ணுல சொல்லி வெச்சிருக்கேன். பூட்டு விக்கிறதுக்குப் பேச்சு எதுக்கு? சனிக்கிழமை முடிவு தெரிஞ்சதும் பொட்டி கட்டிடலாம்."

ஆக, சனிக்கிழமை தவறினால் வேலை போகும், வீடு போகும், பாலக்கரை போகும். மிச்சக் காலமெல்லாம் மச்சான் வீட்டு மாடியில் ஊமைக் குடித்தனம். இது ஒரு பக்கம் சவரிராயனை அரித்தது. இன்னொரு பக்கம் அதைவிட ஆழமாக அரித்தது. மச்சான் சொன்னது உண்மையாக இருந்தால்? குழந்தைகளைக் காப்பாற்றக் கத்தின கத்தலுக்கு மாதா கொடுத்த கூலி இதுதானா? கேட்க வேண்டியவளிடம் கேட்கக்கூடக் குரல் இல்லை. ஆகவே அவர் கோபித்துக்கொண்டார். கோயிலுக்குப் போவதை நிறுத்தவில்லை. தெருவில் நாலு பேர் கேட்பார்களே. ஆனால் முன்வரிசையை விட்டுவிட்டு, கடைசித் தூண் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார். பிரார்த்தனையை இப்போது கோயில் உபதேசியார் நடத்தினார், கொசுவுக்கு ஜலதோஷம் பிடித்தது போன்ற குரலில். ஜனம் பதில் சொல்லும்போது சவரிராயன் உதட்டைக்கூட அசைப்பதில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலமும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். பிரார்த்தனை முடிந்து ஜனம் கலைந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து சகாயம்மாள் எழுந்து நேராகத் தூணுக்கு வந்தாள். அவள் சிறுகூடான பெண்பிள்ளை. அவருக்குக் குரல் போனதிலிருந்து வீட்டுச் சண்டைகளில் இரண்டு பக்கத்தையும் அவளே பேச வேண்டியிருந்தது. நியாயமாகத்தான் பேசினாள். அவர் பக்கத்துக்கும் நாலு நல்ல வார்த்தை ஒதுக்கிக் கொடுத்தாள்.

"என்னாங்க, வாய்தான் அசையல. உள்ளுக்குள்ளயாவது பதில் சொல்றீங்களா?"

அவர் இல்லை என்று தலையசைத்தார்.

"ஏன்? மாதா கூட சண்டையா?"

அவர் சுவரைப் பார்த்தார்.

"எங்க அண்ணன் சொன்னதை நம்பிட்டீங்க, அதானே? 'ஆமா சகாயம், மனசு கேக்கல'ங்கிறீங்க. சரி, கேக்குறேன். இருவது வருஷமா அந்தச் சம்பளத்துலதானே இந்தக் கோயிலுக்கு மெழுகுவத்தி வாங்கினோம்? அப்பல்லாம் வாங்கிக்கிட்டு இப்பப் போயி தொண்டையைப் பிடுங்கிக்க, அவ என்ன சந்தைக்கடைக்காரியா? புள்ளைங்களைக் காப்பாத்தின தொண்டைங்க அது. அவளும் ஒரு புள்ளையைப் பெத்தவ. பறிகொடுத்தவ. அவளுக்குத் தெரியாதா?"

சவரிராயன் கண்ணில் நீர் வந்தது. அதைத் தூசு என்று காட்ட ஒரு சைகை செய்தார். சகாயம்மாள் அந்தச் சைகையைச் சட்டை பண்ணவில்லை.

"இன்னொண்ணு. அந்த இலைக்காரம்மா கூவினப்ப மொறைச்சீங்களாமே? ரசூல் பாய் பொஞ்சாதி சொல்லிச்சு. கொஞ்சம் மேல பாருங்க."

அவர் மேலே பார்த்தார். கோயில் சுவரைச் சுற்றிச் சிலுவைப்பாதையின் பதினாலு ஸ்தலங்களும் படமாக மாட்டியிருக்கும். இத்தனை நாளும் தான் எந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறோம் என்று அவர் கவனித்ததில்லை. ஐந்தாம் ஸ்தலம். சுமக்க முடியாமல் ஆண்டவர் தள்ளாடுகிறார். வயக்காட்டிலிருந்து வந்த சீமோன் என்கிறவன் பின்னால் நின்று சிலுவைக்குத் தோள் கொடுக்கிறான்.

"அந்தச் சீமோன் யாரு? சொந்தமா, பந்தமா? வழியோட போனவன். அவன் வந்து தூக்கினப்ப நம்ம ஆண்டவரு திரும்பி மொறைச்சாரா? 'தொடாதே, எனக்கு இருவது வருஷ சர்வீசு, நானே தூக்கிக்குவேன்'னாரா? சர்வேசுரனோட மகனுக்கே ஒரு ஆள் வேண்டியிருந்துச்சுங்க. வாங்கிக்கிட்டாரு. பாலக்கரை சவரிராயனுக்கு அதைவிட என்ன பெரிய கௌரவம்?"

சவரிராயன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை வருஷமா நீங்க ஒரு பேரைச் சொன்னீங்க, நாங்க அத்தனை பேரும் பதில் சொன்னோம். சொமந்தது நீங்க மட்டும்னு நெனைச்சுக்கிட்டீங்க. எழுந்திரிங்க, சோறு ஆறுது. 'நீ சொன்னா சரிதான் சகாயம்'ங்கிறீங்க. ஆமா, சரிதான்."

அப்படி அவர் பக்கத்தையும் பேசி முடித்துவிட்டு அவள் முன்னால் நடந்தாள்.

மறுநாள் காலை முதலாளி ரத்தினவேல் ஜங்ஷனில் ஏறி, டிரைவருக்குப் பின் ஸீட்டில் சுவர் மாதிரி உட்கார்ந்தார். வண்டி கிளம்பியது. பாலக்கரை நெருங்கியபோது சவரிராயன் விசில் ஊதினார். நாலு பேர் இறங்கினார்கள். ஐந்தாவதாக இறங்க வேண்டிய பெரியவர் ஜன்னலில் தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். முதலாளியின் கழுத்து மெல்லத் திரும்பியது. சவரிராயன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிப் போய்ப் பெரியவரை உலுக்கி, கைத்தாங்கலாக இறக்கிவிட்டார். இறங்கின பெரியவர், "என்னப்பா சவரி, சத்தத்தையே காணோம்? செத்துகித்துப் போயிட்டியோன்னு நெனைச்சேன்" என்றார்.

அதே இடத்தில் சகாயம்மாள் அண்ணனோடு ஏறினாள். "ஸ்ரீரங்கம் வரைக்கும் போயிட்டு வந்து முடிவு பண்ணுவோம் அண்ணே" என்று கூட்டி வந்திருந்தாள். அமிர்தராஜ் சவரிராயனைப் பார்த்து இரக்கமாகப் புன்னகை செய்தார். மாடியைப் பெருக்கி வைத்துவிட்டு வந்த புன்னகை அது.

காந்தி மார்க்கெட்டில் கூட்டம் அடித்துக்கொண்டு ஏறியது. வேலம்மாள் இலைக் கட்டோடு ஏறினாள். அவளுக்குப் பின்னால் ஸ்ரீரங்கத்து அப்பளாச்சாரியார் ஒரு பூசணிக்காயை அணைத்துக்கொண்டு ஏறினார். பெருமாள் கோயிலில் பாராயணம் சொல்லுகிறவர். மார்க்கெட்டில் பேரம் பேசியே தொண்டையைக் கூர்மையாக வைத்திருந்தார்.

சவரிராயன் வேலம்மாள் முன்னால் போய் நின்றார். கண்டக்டர் எதற்கு வருகிறார் என்று அவள் ஒரு அடி பின்வாங்கினாள். அவர் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். இரண்டு கையையும் கூப்பினார். பிறகு தன் தொண்டையைத் தொட்டு, அவளைக் காட்டி, முன்னால் போகிற ரோட்டைக் காட்டினார்.

"என்னாண்ணே இது, கும்புடு போடுறீங்க? அன்னைக்கு மொறைச்ச மொறையில என் இலையெல்லாம் வாடிப் போயி பாதி வெலைக்கு வித்தேன்" என்றாள் வேலம்மாள். பிறகு அவருடைய கண்ணைப் பார்த்தாள். இலைக் கட்டைக் கீழே வைத்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"மெயின்கார்டு கேட்டு! எறங்குறவங்க எல்லாம் எந்திரிங்க!"

குரல் பரவாயில்லை ரகம். புறாக்கள் எழும்பவில்லை, ஆனால் திரும்பிப் பார்த்தன. அப்பளாச்சாரியாருக்கு அது போதவில்லை.

"பின்னாடி இருக்கறவாளுக்குக் கேக்காது வேலம்மா. ஸ்வரம் மேல எடுக்கணும்" என்றவர், பூசணிக்காயை அமிர்தராஜின் மடியில் வைத்துவிட்டு எழுந்து நின்று, வேதம் சொல்லுகிற தொனியில் நீட்டினார்: "மெ...யின்... கார்டு... கேஏஏட்!"

இறங்க வேண்டியவர்கள் இறங்கினார்கள். இறங்கின பிறகு இரண்டு பேர் ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்து, தங்களுக்கும் ஒரு தடவை கூவ வாய்ப்புக் கிடைக்குமா என்று கேட்டார்கள். சவரிராயன் ஜன்னல் சட்டத்தை இரண்டு தட்டுத் தட்டினார். அதுதான் அவருடைய பதில்: ரைட். ரசூல் வண்டியை எடுத்தார்.

அடுத்த ஸ்டாப்பை யார் கூவுவது என்று யாரும் கேட்கவில்லை. வண்டி சத்திரத்துக்குத் திரும்பும்போதே மொத்த பஸ்ஸும் ஒரே வாயாக "சத்திரம்!" என்றது. ஆண் பெண், தலைப்பாகை, குடுமி, தொப்பி, கைக்குழந்தை எல்லாம். ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. அந்த ஆரவாரத்தில் முன் ஸீட்டில் ஒரு கட்டைக் குரல் எல்லோரையும்விட ஒரு பங்கு அதிகமாகக் கத்தியது. முதலாளி ரத்தினவேல்தான். கையைக்கூடத் தூக்கியிருந்தார்.

பின்படியில் நின்ற சவரிராயனுக்கு உடம்பு சிலிர்த்தது. இருபது வருஷம் அவர் கூவியிருக்கிறார். அந்தக் குரல் போய் விழுந்த இடங்களில் என்ன முளைத்திருந்தது என்று அவர் பார்த்ததில்லை. இத்தனை பேருக்கும் எல்லா ஸ்டாப்பும் தெரிந்திருக்கிறது. அவருடைய இழுப்பு, நிறுத்து, கடைசியில் கொடுக்கும் அந்தச் சின்ன உதறல் எல்லாம் அப்படியே வருகிறது. தன் குரல் தொலைந்துபோகவில்லை, ஊரில் விநியோகமாகியிருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. இரண்டு தட்டு. ரைட்.

காவேரிப் பாலத்தில் ஸ்டாப் கிடையாது. இருந்தாலும் அதையும் கூவினார்கள், உற்சாகத்தில். கீழே துவைத்துக்கொண்டிருந்தவர்கள் துணியை எடுத்துக்கொண்டு பஸ் பிடிக்க ஓடிவந்தார்கள். மாம்பழச்சாலை. அம்மா மண்டபம். ஒவ்வொன்றிலும் இறங்க வேண்டியவர்கள் இறங்கினார்கள், ஒருவர் குறையாமல், ஒருவர் கூடாமல். ஒவ்வொன்றுக்கும் சவரிராயன் இரண்டு தட்டுத் தட்டினார். எப்போது ஆரம்பித்தது என்று அவருக்கே தெரியாது, தட்டும்போதெல்லாம் அவர் உதடும் அசைய ஆரம்பித்திருந்தது. நெடுநாளாகச் சொல்லாமல் வைத்திருந்த பதில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்துகொண்டிருந்தன.

கடைசி ஸ்டாப். தூரத்தில் கட்டி முடிக்காத மொட்டைக் கோபுரம் தெரிந்ததும் பஸ் கூரை பறக்கும்படி கத்தியது: "ஸ்ரீரங்கம்! மொட்டைக் கோபுரம்!"

பூசணிக்காயை அமிர்தராஜிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு பின்படிக்கு வந்திருந்த அப்பளாச்சாரியார் சட்டென்று நின்றார். அவர் காதுக்கு ரொம்பக் கிட்டத்தில், உமியைத் தேய்த்தது போல ஒரு சத்தம்:

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

அப்பளாச்சாரியார் சவரிராயனை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன்காணும் கண்டக்டர், மொட்டைக் கோபுரத்தையா வேண்டிக்கச் சொல்றீர்? தன்னை யாராவது கட்டி முடிக்க மாட்டாளான்னு அதுவே எத்தனையோ காலமா வேண்டிண்டு நிக்கறது!" என்றவர், அப்போதுதான் தான் எதைக் கேட்டோம் என்பது உறைத்து, "அடடே! சத்தம் வந்துடுத்தே! ஓய், சத்தம் வந்துடுத்தே!" என்று பூசணிக்காயைக் கீழே போட்டார். அது உடையவில்லை. அந்தக் காலத்துப் பூசணிக்காய்.

சகாயம்மாள் பக்கம் திரும்பாமலே சவரிராயனுக்குத் தெரிந்தது, அவள் அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், பெருமை தாங்காமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று. பிறகு அவள் தன் அண்ணனிடம் பேசியது கேட்டது.

"அண்ணே, நீங்களும் கூடச் சேர்ந்து கத்துனீங்களே, நான் பாத்தேன். ஸ்ரீரங்கம்னு பெருமாள் கோயில் பேரைச் சொல்லிட்டீங்க. திண்டுக்கல் போய்ச் சேர்றதுக்குள்ள தொண்டை கட்டிக்கப் போவுது. பத்திரம்."

அமிர்தராஜ் தொண்டையைத் தடவிக்கொண்டார். "வாத்தியார்னா கத்தாம இருக்க முடியுமா?" என்றார். கொஞ்சம் கழித்து, "மாடியை வாடகைக்கு விட்டுடலாம்னு நெனைக்கிறேன்" என்றார்.

எல்லோரும் இறங்கினார்கள். முன் ஸீட்டில் ஒருவர் மட்டும் இறங்காமல் உட்கார்ந்திருந்தார். ரசூல் திரும்பிப் பார்த்து, "மொதலாளி, ஆபீசு சத்திரத்துலங்களே?" என்றார்.

ரத்தினவேல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். மொட்டைக் கோபுரம் நின்றது. சத்திரம் என்று தொண்டை கிழியக் கத்தியது நினைவிருந்தது. இறங்கியது மட்டும் நினைவில்லை, ஏனென்றால் அவர் இறங்கவில்லை.

சவரிராயனுக்கு விஷயம் உறைக்க ஒரு நொடிதான் ஆயிற்று. ஒரே ஒரு பாசெஞ்சர் என்பது பேச்சு. அவர் தோல்பையைக் கழற்றினார். நேராக முன்னால் போனார். முதுகை நிமிர்த்தி நின்றுகொண்டு, இரண்டு கையாலும் பையை முதலாளியிடம் நீட்டினார். அவர் முகத்தில் வருத்தம் இல்லை. பூசை முடிந்து திருப்பாத்திரத்தை ஒப்படைக்கிறவர் முகம் போல இருந்தது. இப்படி ஒரு பயணம் போய்வந்த பிறகு பையைக் கொடுப்பதில் என்ன குறைச்சல்?

கீழே இறங்கினவர்கள் எல்லாம் ஜன்னலைச் சுற்றி மொய்த்துவிட்டார்கள். வேலம்மாள் முந்தானையை மறுபடி செருகிக்கொண்டாள், இந்தத் தடவை வேறு காரியத்துக்காக.

ரத்தினவேல் பையைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். மின்விசிறியைத் தேடினார், பஸ்ஸில் மின்விசிறி இல்லை. கடைசியில் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"நான் டிக்கெட்டு வாங்கலையே சவரி. டிக்கெட்டு வாங்காதவன் எப்படிய்யா பாசெஞ்சர் ஆவான்? இந்த வண்டியில இன்னைக்கு ஒரு பாசெஞ்சரும் ஸ்டாப்பு தவறல. பையை மாட்டு."

ஜன்னல்களில் ஒரே கூச்சல். சவரிராயன் பையை மாட்டிக்கொண்டார். வாரைச் சரிசெய்தார். முதலாளி நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அவருக்கு முன்னால் ஒரு கை நீண்டது. பிறகு, துருப்பிடித்த கதவு ஒரு மாதத்துக்குப் பிறகு திறப்பது போல ஒரு குரல் வந்தது. பஸ்ஸில் இருந்தவர்களுக்கும் கேட்டது, வெளியில் நின்றவர்களுக்கும் கேட்டது.

"டிக்கெட்."

ரத்தினவேல் ஜங்ஷனிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கும், திரும்பிச் சத்திரத்துக்குமாகச் சேர்த்து டிக்கெட் வாங்கினார். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஆபீசில் மாட்டி வைத்திருந்தார், பார்த்தவர்கள் உண்டு.

சவரிராயனின் குரல் அப்புறம் முழுசாகத் திரும்பவில்லை. ரயிலை நிறுத்தும் அளவு வரவில்லை. மாட்டுவண்டி நிற்கும். அந்த அளவுக்கு வந்தது. செப்டம்பரில் மாதா திருநாளுக்குக் கொடியேறியபோது உபதேசியார் வந்து, பிரார்த்தனையைத் திரும்ப அவரே நடத்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். சவரிராயன் கரகரத்த குரலில், "நீங்களே நடத்துங்க. எனக்கு இருவது வருஷத்துப் பதில் பாக்கி இருக்கு" என்று சொல்லிவிட்டு ஐந்தாம் ஸ்தலத்துக்குக் கீழே போய் மண்டியிட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சொல்வது, அவர் பதில் சொல்லும்போது தூண் லேசாக அதிர்ந்தது என்று. தூண் பழைய தூண்தான், அதனால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பச்சை வண்டியில் மட்டும் பழைய வழக்கம் திரும்பி வரவே இல்லை. சவரிராயன் ரிட்டையரான பிறகும் ஸ்டாப்புகளை ஜனங்களேதான் கூவினார்கள். வெளியூர்க்காரர்கள் ஏறினால் முதலில் திகைத்துப் போவார்கள். மெயின்கார்டு கேட் வருவதற்குள் அவர்களும் கூவ ஆரம்பித்துவிடுவார்கள். புறாக்களும் நாளடைவில் பழையபடி எழும்பிச் சுற்ற ஆரம்பித்தன.